பதுளைக்குத் தோட்டா வந்த நாள்

பதுளையில் மறுபடியும் துப்பாக்கித் தோட்டா கிடைக்கிறது என்று சொல்வதற்காகவே ரஜீவ் பண்டாரவளைக்கு வந்திருந்தான். பிரிந்திருக்கும் மனைவியைப் பார்க்க வருகிறவன் முதலில் சொல்லும் சேதி அதுவாக இருக்கும் என்று நிஷாந்தினி நினைத்திருக்கவில்லை.

"காமில் நானா கடைக்கு வந்திருக்கு நிஷா. கம்பெனித் தோட்டா. இனி எதுக்கும் தட்டுப்பாடு இல்லையாம்" என்றான். தலையில் மழைத்தூறல் முத்து முத்தாக நின்றது. உள்ளே வந்து உட்காரச் சொல்வார்களா என்று தெரியாததால் வாசல்படியிலேயே நின்றான்.

அடுப்படியில் இருந்த அக்கா யசோதினிக்கு அது கேட்டுவிட்டது. "பொண்டாட்டியக் கூப்பிட வர்றவங்க பூ வாங்கிட்டு வருவாங்க, மிக்சர் வாங்கிட்டு வருவாங்க. இவரு தோட்டா சேதி கொண்டாந்திருக்காரு" என்றாள், வேண்டுமென்றே சத்தமாக.

நிஷாந்தினி சிரிக்கவில்லை. அந்தச் சேதி தங்களுக்கு எவ்வளவு பெரியது என்று அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், ஏழெட்டுக் குடும்பங்களுக்கு மரக்கறி போடும் நிலத்துண்டுகள் இருந்தன. போஞ்சி அவரை, முட்டைக்கோவா, கொஞ்சம் உருளைக்கிழங்கு. அந்த லயம் முழுவதற்கும் ஒரே ஒரு துப்பாக்கி. பயிர்க்காவலுக்காக ரஜீவின் அப்பா அழகர் லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தது. அவர் இறந்தபிறகு ரஜீவின் பெயருக்கு மாறியது. காட்டுப்பன்றி இறங்கும் காலத்தில் அவன் மேலே காவல் கொட்டிலில் இருந்தால்தான் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அதற்காக அவனுக்கு லயத்தில் ஒரு மரியாதை இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில்கூட அவனுக்கு ஒதுங்கி இடம் விடுவார்கள்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடம் பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. தோட்டாவும் இல்லாமல் போனதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. பன்றிகளுக்கு மட்டும் அது எப்படியோ தெரிந்துவிட்டது. சுட்டு முடிந்த வெறுங்கோதுகளை எடுத்து, கிடைத்த வெடிமருந்தை அடைத்து, வீட்டிலேயே ரொப்பும் பழக்கம் அப்போதுதான் அந்தப் பக்கம் பரவியது. ரஜீவும் ரொப்பினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவனுக்கு உதவி செய்துகொண்டிருந்த தம்பி அஜந்தனின் கையிலேயே ஒன்று வெடித்தது. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் யானை விரட்டும் வெடி என்று பொய் சொன்னார்கள்.

அதற்காக நிஷாந்தினி வீட்டை விட்டுப் போகவில்லை. அஜந்தனுக்குக் கட்டு மாற்றினாள், சோறு பிசைந்து கொடுத்தாள். புருஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தாள். அஜந்தனின் கட்டு பிரியும் முன்னாலேயே ஒரு நாள் மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவள், அதே அடுப்படித் திண்டில், அதே சாமான்களைப் பரப்பி வைத்து அவன் மறுபடி ரொப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பக்கத்துத் துண்டுக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர்கள் நகர்ந்தார்கள். அவன் மட்டும் தலை தூக்கவில்லை.

"தம்பி விரல் போனது போதாதா?" என்று கேட்டாள். அவன் அடுத்த கோதை எடுத்தான். அன்றைக்கே பண்டாரவளைக்கு பஸ் ஏறினாள். ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

இப்போது அவன் வாசலில் நின்று, "இனி ரொப்ப வேண்டிய தேவையே இல்ல நிஷா" என்றான்.

"சந்தோசம்."

"பழைய கோதுகளைக் குடுத்தாத்தான் நானா புதுசு குடுக்கிறாரு. யாரும் திரும்ப ரொப்பக்கூடாதுன்னு அவரு கடையில வச்சிருக்கிற வழக்கம்."

நிஷாந்தினி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நானும் கடைக்கு வாறேன். நீங்க அந்தக் கோதையெல்லாம் ஒப்படைக்கிறத என் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் வீட்டுக்கு வாறதப் பத்திப் பேசுவேன்."

அவன் தலையாட்டினான். அந்த முகத்தில் ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலை பதுளை பஸ் நிலையத்தில் அவள் இறங்கியபோது ரஜீவ் முன்னமே வந்து நின்றான். கூடவே தயாபரன். அவர்களுக்கு அடுத்த துண்டுக்காரன், வாயாடி, சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுகிறவன்.

"வாங்க தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரரு தனியா வரமாட்டேன்னாரு. தோட்டா வாங்கவே தொணைக்கு ரெண்டு பேரு வேணுமாம். பன்னி கேள்விப்பட்டா சிரிக்கும்" என்றான்.

நிஷாந்தினி ரஜீவின் கைகளைப் பார்த்தாள். ஒரு குடை மட்டும் இருந்தது. பை இல்லை, டப்பா இல்லை.

"கோது எங்க?"

"மறந்துட்டேன்" என்றான் ரஜீவ்.

அடுப்படி மூலையில் பழைய பிஸ்கட் டப்பா நிறைய அவன் வைத்திருந்த வெறுங்கோதுகள் கண் முன்னே வந்தன. நானாவிடம் எப்படியாவது பேசிப் புதுசையும் வாங்குவான், பழசையும் வைத்துக்கொள்வான். நாளைக்கே மறுபடி தட்டுப்பாடு வந்தால் அதே திண்டில் அதே வேலை. திரும்பி பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தாள். ஆனாலும் கால்கள் அவர்கள் பின்னால் நடந்தன. கடைசிவரை பார்த்துவிட்டே போகலாம் என்று ஒரு வைராக்கியம்.

காமில் நானாவின் கடை இரும்புச் சாமான் கடை. வாசலில் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் கயிற்றுச் சுருளும் தொங்கின. தோட்டாவுக்கு உள்ளே தனி மேசை, பூட்டுப் போட்ட அலுமாரி. அன்றைக்குக் கல்யாண வீடு மாதிரிக் கூட்டம். ஹாலிஎலப் பக்கத்துச் சிங்கள விவசாயிகள், தோட்டத்துக் காவல்காரர்கள் எல்லோரும் லைசன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பன்றிக் கதை சொல்லிக்கொண்டு நின்றார்கள். நெடுநாள் காய்ச்சல் விட்டு எழுந்தவர்களின் உற்சாகம் எல்லோரிடமும் இருந்தது.

முறை வந்தவர் கோதுகளை மேசையில் கொட்டினார். காமில் நானா ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் இருந்த பலாக்கட்டையில் வைத்து, சுத்தியலால் பித்தளைப் பக்கத்தை ஓங்கி நசுக்கினார். நசுங்கியது வாளியில் விழுந்தது.

"எனக்கு இது வேல இல்ல" என்றார் நானா, எல்லோருக்கும் கேட்கும்படி. "எந்தச் சட்டமும் சொல்லேல்ல. ஆனா இந்தக் காலத்துல எத்தன பேரு கையையும் கண்ணையும் பறிகுடுத்துட்டு என்ட கட வாசல்ல வந்து நின்டாங்க. நான் வித்த கோதுதானே அதெல்லாம். நசுக்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

ரஜீவ் தரையைப் பார்த்தான். நிஷாந்தினி அவனைப் பார்த்தாள்.

அவர்கள் முறை வந்தது.

"அடடே, அழகரண்ணன்ட மகன்! எவ்வளவு நாளாச்சு. இது ஒங்கட வீட்டுக்காரியா? வாங்க மகள்" என்றார் நானா. "கோதக் கொட்டுங்க தம்பி."

"கொண்டுவரல நானா. மறந்துட்டேன். இன்னொரு நாளைக்கு வாறேன்."

சொல்லிவிட்டு ரஜீவ் திரும்பக்கூடச் செய்தான். தயாபரன் தோளைப் பிடித்து நிறுத்தினான். "எங்க போற? நானா, இவனக் கொஞ்சம் பாருங்க. மேல போஞ்சி காய்ச்சுத் தொங்குது. இன்னொரு நாளைக்கெல்லாம் பன்னி காத்துக்கிட்டு இருக்குமா?"

நானா தாடியைத் தடவினார். "ஒங்கட வாப்பா என்ட வாப்பாட காலத்து ஆள். ஒங்களுக்கு இல்லாம யாருக்கு? இப்ப எடுத்துட்டுப் போங்க, கோத அடுத்த கிழமை கொண்டாங்க."

அவனைச் சிக்கலிலிருந்து விடுவித்த சொல் அது. ஆனால் ரஜீவின் முகம் வெளுத்ததை நிஷாந்தினி கண்டாள்.

"பன்னிக்கு எஸ்.ஜி. ரவை போட்ட தோட்டாதான் வேணும் நானா. அது இருக்காது, இல்லியா?" என்றான் ரஜீவ். கேள்வி மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"ஏன் இல்லாம? முந்தாநாள்தான் வந்திச்சு."

"லைசன்ஸ் புதுப்பிச்சது இந்த வருசத்துக்குத்தான்... முத்திரை கொஞ்சம் தெளிவில்லாம..."

"காட்டுங்க. இது நல்லாத்தானே இரிக்கி." நானா சிரித்தார். "என்ன தம்பி, கடைக்காரன் நான் குடுக்கிறேன்டு நிக்கிறேன், நீங்க வேணாம்டு காரணம் தேடுறீங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தான். நானா அலுமாரியைத் திறந்து சிவப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அதிலிருந்து ஒரு தோட்டாவை உருவி, வெளிச்சத்தில் காட்டி, ரஜீவின் பக்கம் நீட்டினார். "பாருங்க, புத்தம் புதுசு. ஈரம் படாதது."

ரஜீவ் கை நீட்டவில்லை. இரண்டு கைகளும் குடையின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன. விரல் முட்டிகள் வெள்ளையாக இருந்தன. மேல் உதட்டில் வியர்வை. வெளியே குளிர் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் நிஷாந்தினிக்கு விளங்கியது. கோதை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு இவன் மறக்கவில்லை. கோது இல்லையென்றால் தோட்டா கிடைக்காது என்று நம்பி வந்திருக்கிறான். தேடித் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறான், எந்தக் கதவாவது மூடியிருக்காதா என்று. எல்லாக் கதவும் திறந்தே இருக்கிறது.

நீட்டிய தோட்டாவை அவளே வாங்கினாள். அது குளிர்ச்சியாக, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"வேணாம் நானா. ஒங்க கடையில ஒரு வழக்கம் வச்சிருக்கீங்க. எங்களுக்காக அத ஒடைக்க வேணாம். கோதோட வந்து வாங்கிக்கிறோம்."

"என்னா தங்கச்சி!" தயாபரன் சத்தம் போட்டான். "பஸ்ஸுக்குக் குடுத்து வந்தது வெத்தலை பாக்கு வாங்கவா?"

"எங்க வீட்ல ஒரு தடவ கை போயிருக்குண்ணே. கோதக் குடுக்காம தோட்டா வாங்க எனக்கு மனசில்ல. நீங்க கோவிச்சாலும் பரவாயில்ல."

நானா தலையாட்டினார். பிறகு பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். "மகள் சொல்றது சரி" என்று மட்டும் சொன்னார்.

தயாபரன் முணுமுணுத்துக்கொண்டே உரம் வாங்கப் போய்விட்டான். அவர்கள் இருவரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தார்கள். பிளேன்டி வந்தது. ஆறத் தொடங்கியது. யாரும் எடுக்கவில்லை.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

அவன் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. "அஜந்தனுக்கு வெடிச்சதுல இருந்து."

"அதுக்கப்புறம் ரொப்பினீங்களே. நான் பாத்தேனே."

"ரொப்பினேன். தயாபரனும் மத்தவங்களும் வந்து வாசல்ல நின்னாங்க. போஞ்சி போச்சு, கோவா போச்சு, நீதான் ஏதாச்சும் செய்யணும்னு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ரொப்பினத எடுத்துக்கிட்டு கொட்டிலுக்குப் போனேன். துப்பாக்கியத் தூக்கிக் கன்னத்துல வச்சேன் நிஷா. அன்னைக்கு அஜந்தன் கத்தினது காதுல கேட்டுச்சு. அப்படியே எறக்கி வச்சுட்டேன். ரொப்பினது எல்லாத்தையும் தண்ணிப் பீப்பாவுல போட்டேன். அதுக்கப்புறம் ஒன்னுகூட ரொப்பல, ஒன்னுகூடச் சுடல."

"ஒரு வருசமா மேல போய் என்ன செஞ்சீங்க?"

"தகரத்தத் தட்டுவேன். கத்துவேன். பன்னி மூணு நாளைக்குப் பயப்படும், நாலாம் நாளு என் கண்ணு முன்னாலேயே மேயும். காலையில கேப்பாங்க. மருந்து சரியில்ல, ரவை பத்தல, தோட்டா இல்லாம என்ன செய்யிறதுன்னு சொல்வேன். எல்லாரும் நம்பினாங்க. நாட்டுலயே இல்லையே." அவன் கோப்பையை ஒரு சுற்றுத் திருப்பினான். "இப்ப வந்திருச்சு. இனி என்ன சொல்றது? நீ கூட இருந்தா, புதுத் தோட்டாவா இருந்தா, தைரியம் வந்துரும்னு நெனைச்சேன். கிட்டப் போகப் போக முடியல."

நிஷாந்தினிக்குக் கண்ணில் நீர் வந்தது. அதோடு கோபமும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நான் பையத் தூக்கிக்கிட்டு எறங்கினப்ப இதச் சொல்லியிருக்கலாம். பயமா இருக்கு நிஷான்னு ஒரு வார்த்த. நான் போயிருப்பேனா?"

"மாட்ட."

"அப்ப ஏன்?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். "என்னையப் பிடிவாதக்காரன்னு நெனைச்சு நீ கோவிச்சுக்கிட்டுப் போன. பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சு நீ இரக்கப்பட்டு இருக்கிறத விட அது பரவாயில்லன்னு பட்டுச்சு."

"ஒரு வருசம்" என்றாள் அவள். "ஒங்களுக்கு அது பரவாயில்லாம இருந்துச்சு. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா? அக்கா வீட்டு மூலையில படுத்துக்கிட்டு, தம்பி விரலவிட போஞ்சிக்காய் பெருசாப் போன ஆளுக்கா வாக்கப்பட்டோம்னு நெனைச்சு நெனைச்சு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி மேசை துடைத்துக்கொண்டு போனார்.

"கடையில நான் ஒங்கள விட்டுக்குடுக்கல" என்றாள் கடைசியில். "அது ஒரு தடவைதான். கோதத் தேடுறோம், டப்பா காணோம்னு இனி நான் பொய் சொல்லமாட்டேன். அந்த ஏழெட்டு வீடும் காவல் இருக்குன்னு நம்பித் தூங்குறாங்க. அவங்களுக்குத் தெரியணும். நீங்களே சொல்லணும். சொன்னா நான் வீட்டுக்கு வாறேன்."

"சொல்லிட்டேன்னா அந்த லயத்துல நான் எப்படித் தலை நிமிந்து நடக்கிறது?"

"குனிஞ்சுதான் நடக்கணும். கொஞ்ச நாளைக்கு நானும் சேர்ந்து குனிஞ்சு நடக்கிறேன்."

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவன் சன்னல் பக்கம். வளைவுக்கு வளைவு அவனுடைய தோள் அவள் மேல் சாய்ந்தது. அவள் நகரவில்லை.

பின்னேரம் மலையிலிருந்து ஆட்கள் இறங்கி, தண்ணீர்ப் பீலியடியில் கை கால் கழுவிக்கொண்டிருந்த நேரம். துண்டு வைத்திருந்த குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. உர மூட்டையோடு வந்து சேர்ந்த தயாபரன், கடையில் நடந்ததை அதற்குள் பாதி சொல்லி முடித்திருந்தான். ரஜீவைக் கண்டதும், "இதோ வந்துட்டாரு வேட்டைக்காரரு, வெறுங்கையோட" என்றான்.

ரஜீவ் நின்றான். நிஷாந்தினி ஓரடி பின்னால் நின்றாள். அவன் தொண்டையைச் செருமிக்கொள்ளக்கூட இல்லை. சட்டென்று பேசினான், தயங்கினால் முடியாமல் போய்விடும் என்பது போல.

"தோட்டா கெடைச்சாலும் என்னால சுட முடியாது. தம்பி கையில வெடிச்சதுல இருந்து நான் ஒரு தடவகூடச் சுடல. ஒங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன். மருந்து சரியில்லன்னு சொன்னது, ரவை பத்தலன்னு சொன்னது எல்லாம் பொய்."

ஜெயலெட்சுமி கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். அவள் புருஷன் இல்லாதவள். அவளுடைய உருளைக்கிழங்குத் துண்டைப் பன்றி இரண்டு முறை கிளறிப் போட்டிருந்தது.

"அப்ப ஒரு வருசமா எங்களுக்குக் காவலே இல்லையா?" என்று கேட்டாள். திட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் ரஜீவைக் குத்தியது.

"இல்லக்கா."

"சொல்லியிருந்தா நானே போய்ப் படுத்திருப்பேனே தம்பி. எனக்கென்ன, சத்தம் போடத் தெரியாதா? ஒன்னைய நம்பித்தானே கதவச் சாத்தினேன்."

தயாபரன் சிரிக்கவில்லை. அவனுடைய முகத்தில் வழக்கமான குறும்பு ஒன்றும் இல்லை. "என் மகளோட ஸ்கூல் சப்பாத்து, பை எல்லாம் அந்தப் போஞ்சியிலதாண்டா இருந்துச்சு" என்றான். பிறகு, "நாளைக்குப் பொலிசுக்குப் போ. லைசன்ஸ வேற ஆளுக்கு மாத்த முடியுமான்னு கேளு. முடியாதுன்னா துப்பாக்கியக் குடுத்துட்டு வா. அது வரைக்கும் என்கூடப் பேசாத" என்றான்.

"கேக்கிறேன்" என்றான் ரஜீவ்.

"நாங்க ரெண்டு பேரும் போய்க் கேக்கிறோம்ணே" என்றாள் நிஷாந்தினி.

தயாபரன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "ஒனக்குத் தெரிஞ்சுதான் கடையில அப்படிச் சொன்னியா?"

"அங்கதான் எனக்கே தெரிஞ்சுச்சு."

அவன் உர மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஜெயலெட்சுமி மட்டும் போகும்போது நிஷாந்தினியின் கையைத் தொட்டு, "மெலிஞ்சுட்ட புள்ள" என்றாள். ரஜீவின் பக்கம் அவளும் திரும்பவில்லை.

வீட்டுக் கதவை அவன் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். நிஷாந்தினி உள்ளே போனாள். அஜந்தனும் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால், ஆண் தனியாக இருந்த வீட்டின் வாடை. சட்டைகள் கொடியில் குவிந்து கிடந்தன. அடுப்படித் திண்டைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. அது வெறுமையாக, கழுவி, காய்ந்து கிடந்தது. மேலே ஒன்றும் இல்லை. நெடுநாளாக அவன் அதன்மேல் எதுவும் வைக்காமலே சமைத்திருக்கிறான் என்று தெரிந்தது. சட்டி, பானை, அரிசி டின் எல்லாம் தரையில் சுவரோரமாக இருந்தன.

அவள் அரிசி டின்னைத் தூக்கித் திண்டின் மேல் வைத்தாள். பிறகு பருப்பு டப்பாவை. பிறகு ஒவ்வொன்றாக.

ரஜீவ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கியது. அவள் கூப்பிடவில்லை. அழட்டும் என்று விட்டாள். அடுப்பில் விறகை அடுக்கி, பற்ற வைத்து, உலை வைத்தாள். அக்காவுக்குப் போன் எடுத்து, "இன்னைக்கு வரலக்கா" என்றாள். யசோதினி ஏதோ கேட்டாள். "நாளைக்கும் இல்ல" என்றாள்.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு சுற்றுமுற்றும் தேடிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, உப்பு எங்க வச்சிருக்கீங்க?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இங்கேயும் அங்கேயும் பார்த்தான்.

"முடிஞ்சு போச்சு போல" என்றான்.

"போய் வாங்கிட்டு வாங்க."

கடைக்குப் போவதென்றால் லயத்து வாசல்கள் எல்லாவற்றையும் கடந்துதான் போகவேண்டும். ஜெயலெட்சுமியின் வாசல், தயாபரனின் வாசல், மற்ற எல்லாருடைய வாசலும். அவன் அவளைப் பார்த்தான். அவள் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.